சுவர் உலர்ந்த பிறகே வண்ணம்

நேயர்களுக்கு வணக்கம். வெளிப்புறச் செங்கல் சுவருக்கு வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பது என் பேச்சில் வராது; பூசிய வண்ணம் அடுத்த மழைக்காலத்திலேயே உப்பி உரியாமலிருக்க, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் சொல்லப்போகிறேன். நல்ல நிலையில் இருக்கும் வெறுஞ்செங்கலுக்கு வண்ணமே தேவையில்லை என்பதையும், ஒருமுறை பூசிவிட்டால் செங்கலின் துளைகளுக்குள் புகுந்த வண்ணத்தை முழுவதும் எடுப்பது மிகக் கடினம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கல் நுண்துளைகள் நிறைந்த பொருள். மழையில் நீரை உறிஞ்சிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் அதை மெல்ல வெளியே விடும். வண்ணம் உரிந்தால் பெயிண்ட் மட்டமானது என்றோ மழை அடித்துப் பெயர்த்துவிட்டது என்றோ நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் நீர், வெளியேற வழி தேடி, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பின்னாலிருந்து என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் சில முறை இதைச் சொல்வேன்.

அந்த நீர் தனியாக வருவதில்லை. செங்கலிலும் சாந்திலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது அவற்றை விட்டுச் செல்கிறது. நீங்கள் சுவரில் பார்த்திருக்கும் வெள்ளைப் பொடி அதுதான். அதன்மேல் பூசினால் வண்ணம் செங்கலைப் பிடிக்காமல் பொடியைத்தான் பிடிக்கும். அந்த உப்பை உலர்ந்த முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மீண்டும் செங்கலுக்குள்ளேயே போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். உடைந்த கம்பித் துணுக்குகள் சுவரில் தங்கித் துருக்கறையை உண்டாக்கும்.

என் நண்பர் ஒருவரின் வீட்டில், ஒரு சுவரில் மட்டும் முழங்கால் உயரம் வரை வண்ணம் திரும்பத் திரும்ப உரிந்தது. ஒவ்வொரு முறையும் சுரண்டினார்கள், பட்டி பார்த்தார்கள், முந்தையதைவிட விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது வண்ணத்தைப் பார்க்கவில்லை. சுவரின் அடியைப் பார்த்தேன். பூச்செடிகளுக்காகச் சுவரை ஒட்டி மண் கொட்டியிருந்தார்கள். தரையின் ஈரம் மேலேறாமலிருக்க அடித்தளத்தின்மேல் போட்டிருந்த தடுப்பு அடுக்கு அந்த மண்ணுக்குள் புதைந்துபோயிருந்ததால், செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்தத் தடுப்பைத் தாண்டி நேராகச் செங்கலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மண்ணை அள்ளித் தடுப்பு அடுக்குக்குக் கீழே இறக்கி, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாகக் காயவிட்டு, வெளிவந்த உப்பை அவ்வப்போது தேய்த்தெடுத்தார்கள். அதன் பிறகு சாதாரணப் பெயிண்டே நின்றது. ஆகவே வண்ணம் உரிந்த இடத்தில் முதலில் நீர் வரும் வழியைத் தேடுங்கள்: ஒழுகும் மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிய மண், மேல்விளிம்பில் உள்ள வெடிப்பு.

சுவர் காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு அறிய முடியாது. நிழலான இடத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் சதுரமுள்ள, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்புகளிலும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர் முத்துகள் இருந்தால், அல்லது அந்த இடத்துச் செங்கல் நிறம் கறுத்திருந்தால், பின்னாலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள், பூச வேண்டாம்.

பாசி படிந்த இடங்களில் நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு நன்றாகக் கழுவுங்கள். பிளீச்சிங்கோடு அமிலம் எதையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிவரும். செங்கல் இடைவெளிகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பும்போது, பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே ஏற்றது. கடினமான சிமென்ட் வைத்தால், இடைவெளி வழியே போக வேண்டிய ஈரம் செங்கல் வழியே வெளியேறிச் செங்கலின் முகத்தையே உதிர்த்துவிடும். புதுச் சிமென்ட் வைத்திருந்தால் ஏறக்குறைய 4 வாரம் பொறுத்திருங்கள். அதன் காரத்தன்மை எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக மாற்றிக் கெடுத்துவிடும்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். பூசும் வேலையைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காரத்தைத் தாங்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு பூச்சு, அதன்மேல் ஆவியை வெளியே விடக்கூடிய வெளிப்புறப் பெயிண்ட் இரண்டு பூச்சு. ஜெர்மானியரான அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்ற சிலிக்கேட் பெயிண்ட் வகை, படலமாக மூடாமல் செங்கலோடு வேதிமுறையில் பிணைவதால், வண்ணம் பூசாத சுவருக்கு மிகவும் உகந்தது. அதற்குரிய பிரைமர் வேறு. இடைவெளிகளுக்குள் எட்டும்படி நீண்ட இழையுள்ள ரோலரைப் பயன்படுத்துங்கள். மேலிருந்து கீழாக, வெயில் நேராகப் படாத பக்கமாகப் பூசி, மாலையில் பனி இறங்குமுன் வண்ணம் காயும்படி நிறுத்திவிடுங்கள். வணக்கம்.