ஒன்றரை டாலர்தானே, கட்டிவிட்டு ஓட்டுப் போட்டிருக்கலாமே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

போன வாரம் அமெரிக்க அரசியலமைப்பின் 24-ஆவது திருத்தத்தைப் பற்றி, அதாவது தலைவரி கட்டினால்தான் ஓட்டு என்ற விதிக்குத் தடை போட்ட திருத்தத்தைப் பற்றிப் பேசினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு மணப்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன். ‘சார், ஓட்டுப் போட ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டும் என்றீர்கள். ஒன்றரை டாலர் பெரிய தொகையா? கட்டிவிட்டு ஓட்டுப் போட்டிருக்கலாமே. இதற்குப் போய் அரசியலமைப்பையே திருத்த வேண்டுமா?’

நல்ல கேள்வி, தம்பி. முதலில் படித்தபோது எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். தலைவரிக்கு ஆங்கிலத்தில் ‘போல் டாக்ஸ்’ என்று பெயர். அதைக் கேட்டதும் ஓட்டுக்கு வரி என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் ‘போல்’ என்றால் தலை. நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தச் சாயல். நமக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு, அங்கே ஆளுக்கு இவ்வளவு. சொத்து இருக்கிறதா, சம்பாத்தியம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1870-இல் வந்த 15-ஆவது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி யாருக்கும் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. அப்படியென்றால் தென் மாநிலங்களை ஆண்ட வெள்ளைக்காரர்களுக்கு, நிறம் என்ற சொல்லே வராமல் கறுப்பர்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் அண்டவிடாத விதி ஒன்று வேண்டும். 1890-இல் மிசிசிப்பி வழி காட்டியது, மற்ற தென் மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. எழுதப் படிக்கத் தெரியுமா என்ற சோதனை, தலைவரி, இன்னும் சில. மறைத்துப் பேசினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வர்ஜீனியாவில் மாநிலத்துக்கான அரசியலமைப்பை எழுத மாநாடு கூட்டியபோது கார்ட்டர் கிளாஸ் என்ற உறுப்பினர் எழுந்து, ‘பாகுபாடா? அதைச் செய்யத்தானே நம்மைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்’ என்கிற பொருளில் பச்சையாகவே பேசினார். பிற்பாடு நாட்டின் நிதி அமைச்சராகவும் இருந்த மனிதர் அவர்.

அந்த வர்ஜீனியாவின் 1902-ஆம் வருஷத்து விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றரை டாலர். ஆனால் இந்த வருஷ வரியை மட்டும் கட்டினால் போதாது. முந்தைய மூன்று வருஷப் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். அதையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னாலேயே கட்டியாக வேண்டும். தேர்தல் நவம்பரில் என்றால் கெடு மே மாதத் தொடக்கம். யார் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாத நேரம். தேர்தல் சூடு பிடித்த பிறகு, ‘இந்தத் தடவை போட்டுத்தான் பார்ப்போமே’ என்று ஒருவர் கிளம்பினால், கையில் பணம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பிடித்த என்றால், வில்லத்தனத்துக்காக. மூன்று வருஷம் கடக்கும் வரை இந்த வரிப் பாக்கியைச் சட்டப்படி வசூலிக்க நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். ‘நீ மெதுவாகக் கட்டு, அவசரம் இல்லை’ என்று சொல்லும் அரசாங்கத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்குக் காசு குறியில்லை, தம்பி. நீங்கள் கட்டாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

அலபாமாவில் இன்னும் மோசம். 21 வயதிலிருந்து 45 வயது வரை பாக்கி ஏறிக்கொண்டே போகும், அதிகபட்சம் 36 டாலர் வரை. 1953-இல்தான் அதை இரண்டு வருஷப் பாக்கியாகக் குறைத்தார்கள். பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடுகிறவர் கையில் ரொக்கத்தைப் பார்ப்பதே அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீர்க்கும்போதுதான். விதைக்கு வாங்கியது, கடையில் நோட்டில் எழுதி வாங்கியது எல்லாம் கழிந்து மிஞ்சினால் உண்டு. அதில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கட்டுவதற்கு எங்கே போவது? ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றால் யார் பெயரில் ரசீது வாங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழை வெள்ளைக்காரர்களும் இதில் ஏராளமாக அடிபட்டுப் போனார்கள். அப்புறம் இன்னொரு கூத்து, டெக்சாஸின் தென்பகுதியில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களே மொத்தமாக வரியைக் கட்டி ரசீதுகளை வாங்கி, தங்கள் ஆட்களை ஓட்டுப் போட வைத்தார்கள்.

‘அரசியலமைப்பையே திருத்த வேண்டுமா’ என்று கேட்டீர்கள். வேறு வழியெல்லாம் முயன்று பார்த்தார்கள். ஜார்ஜியாவின் தலைவரி வழக்கில், 1937-இல், உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றுவிட்டது. 1940-களில் பிரதிநிதிகள் சபை ஐந்து முறை தடை மசோதா நிறைவேற்றியது. ஐந்து முறையும் தென் மாநிலக்காரர்கள் செனட்டில் அதை முடக்கினார்கள். கடைசியில் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவர் ஃபுளோரிடாவின் செனட்டர் ஸ்பெஸ்ஸார்ட் ஹாலண்ட். அவரும் தென்மாநிலக்காரர்தான், இனப் பிரிவினையை ஆதரித்தவரும்கூட. வேடிக்கைதான். 1962-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1964 ஜனவரி 23 அன்று போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது.

அதோடு தீர்ந்ததா? அந்தத் திருத்தம் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும்தான். அப்போது தலைவரி மிச்சம் இருந்த மாநிலங்கள் ஐந்து: வர்ஜீனியா, அலபாமா, மிசிசிப்பி, டெக்சாஸ், ஆர்கன்சா. வர்ஜீனியா என்ன செய்தது தெரியுமா? ‘சரி, மத்தியத் தேர்தலுக்கு வரி வேண்டாம், ஆனால் கட்டாதவர்கள் இங்கேதான் குடியிருக்கிறோம் என்ற சான்றிதழை ஆறு மாதம் முன்னாலேயே கொண்டுவந்து கொடுங்கள்’ என்றது. காசு போய்க் காகிதம் வந்தது, கெடு அப்படியே நின்றது. 1965-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கியது. மாநிலத் தேர்தல்களுக்கான வரியை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் இரண்டு கறுப்பினப் பெண்களின் பெயர் நிலைத்துவிட்டது. ஒருவர் ஃபேர்ஃபேக்ஸ் பகுதியில் வீட்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஆனி ஹார்ப்பர். இன்னொருவர் நார்ஃபோக்கில் தையல் வேலை செய்த எவலின் பட்ஸ். 1966 மார்ச் 24 அன்று, 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஓட்டுப் போடும் தகுதிக்கும் கையில் இருக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதி, 1937 தீர்ப்பை ரத்து செய்தார் நீதிபதி டக்ளஸ்.

நம் பக்கமும் இது புதிதில்லை. 1937 சென்னை மாகாணத் தேர்தலில் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது காட்டினால்தான் பட்டியலில் பெயர். குடியரசான பிறகுதான் எல்லாருக்கும் ஓட்டு.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், 2018-இல் ஃபுளோரிடாவில் சுமார் 65 சதவீதம் பேர், தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை திரும்ப வேண்டும் என்று வாக்களித்தார்கள். கொலை, பாலியல் குற்றம் செய்தவர்கள் மட்டும் விலக்கு. அடுத்த வருஷமே சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் என்றது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது வரி இல்லை என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டது. யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லும் ஒரே இடத்துப் பதிவேடு அப்போது மாநிலத்திடமே இருக்கவில்லை. ஒருவர் கையில் பணத்தோடு போய், ‘நான் எவ்வளவு கட்ட வேண்டும்?’ என்று கேட்டால், பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு தொகை சொல்லும் நிலை. தப்பாகக் கட்டி ஓட்டுப் போட்டால் மறுபடி வழக்கு வருமோ என்ற பயம் வேறு.

சரி தம்பி, அடுத்த கேள்விக்குப் போவோம்.