எலும்புக்கு முன்னால் புரளும் கொழுப்பு

நேயர்களுக்கு வணக்கம். எலும்பு என்றதும் கால்சியம் என்கிறோம். பால் குடி, கேழ்வரகுக் கஞ்சி குடி என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். சரிதான். ஆனால் இரத்தத்தில் வந்த கால்சியம் எந்த இடத்தில் படிகமாக வேண்டும்? அந்த இடத்தைக் காட்டுவதில் ஒரு கொழுப்புக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எலும்பை உருவாக்கும் செல் ஆஸ்டியோபிளாஸ்ட். அதைச் சுற்றியிருப்பது இரண்டடுக்குக் கொழுப்புச் சவ்வு. தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். ஒரே அடுக்குக்குள் கொழுப்பு மூலக்கூறுகள் சறுக்கி ஓடிக்கொண்டே இருக்கும். மறு அடுக்குக்குப் புரள்வதுதான் பெரும்பாடு. நீரை விரும்பும் தலை, நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதியைக் கடக்க வேண்டுமே! தானாக நடக்க மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில்கூட ஆகும்.

பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பைச் செல் உள்ளடுக்கிலேயே வைத்திருக்கும். வெளியே நழுவினால் பிளிப்பேஸ் புரதங்கள், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து உள்ளே இழுத்துவிடும். ஸ்கிராம்பிளேஸ் என்ற புரதம் அப்படியல்ல. செல்லுக்குள் கால்சியம் ஏறியதும் திறந்து, ஏடிபி செலவே இல்லாமல் இரு அடுக்குகளையும் கலந்துவிடும். இரத்தத் தட்டணுக்களில் இந்த வேலைக்கு டிஎம்இஎம்16எஃப் என்ற புரதம் தேவை என்று 2010இல் ஜப்பானில் ஷிகேகசு நகாதாவின் குழு காட்டியது. இரத்தம் உறைய உதவும் அதே புரதம் எலும்புச் செல்லிலும் இருக்கிறது! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

வெளியே புரண்ட பாஸ்பாடிடைல்செரினின் எதிர்மின் தலை கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பாஸ்பேட் வந்து சேர்ந்து, எலும்பின் தாதுப் படிகம் தொடங்குகிறது. செல்லிலிருந்து மொட்டுவிட்டுப் பிரியும் சின்னக் குமிழ்களிலும் இந்தக் கொழுப்பு நிறைய உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஆண்டர்சன், பொனூச்சி என்ற ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டவை அவை. வளரும் குருத்தெலும்பில் முதல் படிகங்கள் அவற்றில்தான் தென்பட்டன.

அந்த டிஎம்இஎம்16எஃப் புரதத்துக்கான மரபணு செயலிழந்த எலிகளை 2013இல் ஆராய்ந்தார்கள். எலும்புக்கூடு சிறுத்திருந்தது, தாது படிவது தாமதமானது. ஆனால் நின்றுவிடவில்லை. அப்படியானால் தாது படிய வேறு வழியும் இருக்க வேண்டும். எலும்பு ஒரே கதவை நம்பி வளர்வதில்லை போலும். நன்றி, வணக்கம்.