சன்ல பேர், ஜெயாவுல ஆள்

வணக்கம். டிவியைப் பற்றிப் பேச ரேடியோவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அம்மா கைப்பக்குவத்தைப் புகழ்கிற மாதிரிதான். பரவாயில்லை, பேசிவிடுகிறேன்.

நான் வியாசர்பாடியில் இருபது வருஷத்துக்கு மேல் கேபிள் லைன் நடத்தியவன். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்தவன், மாசம் பிறந்தால் வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்தவன். எந்த நிகழ்ச்சியை ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரேட்டிங் மீட்டர் தேவைப்பட்டதில்லை. லைன் போனால் என் கண்ட்ரோல் ரூம் வாசலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. செய்தி நேரத்தில் போனால் ஒருத்தரும் வரமாட்டார்கள். சீரியல் நேரத்தில் போனால், செருப்பு மாட்டாமல்கூட வருவார்கள்.

ஒரு சேனலில் ஓகோ என்று ஓடி, அப்புறம் நின்றுபோன நிகழ்ச்சியைப் போட்டி சேனல்காரன் தூசி தட்டி எடுத்தால் என்ன ஆகும்? இதை நான் ரொம்ப நாளாக யோசித்து வருகிறேன்.

நம் ஊரிலேயே ஆரம்பிப்போம். அரட்டை அரங்கம் நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை, சன் டிவி, விசு சார். பிறகு அவர் ஜெயா டிவிக்குப் போய் மக்கள் அரங்கம் என்று நடத்தினார். சன் டிவியில் அரட்டை அரங்கம் என்ற பெயர் அப்படியே இருந்தது, டி. ராஜேந்தர் வந்து நடத்தினார். அந்தச் சமயத்தில் எங்கள் தெரு இஸ்திரிக் கடைப் பெரியவர் என்னை நிறுத்தி, "இன்னாப்பா, சன்ல பேர் கீது, ஜெயாவுல ஆள் கீறாரு. நான் எத்தப் பாக்கறது?" என்று கேட்டார். இன்றைக்கும் இந்த விஷயத்தை அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கடைசியில் ஆள் பக்கம் போனார். அவர் சம்சாரம் ரிமோட்டை சன்னிலேயே வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

பெயர் ஒருத்தரிடம் இருக்கும், ஆள் இன்னொருத்தர். இது போதாதென்று ஆட்டத்தின் விதிமுறை மூன்றாவது ஒருத்தர் கையில் இருக்கும். அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டி அப்படித்தான். இங்கிலாந்தில் 2001-இல் வந்த பாப் ஐடல்தான் அதற்கு மூலம். ஃபாக்ஸ் சேனல் 2002-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. நம் வீட்டுக்கு ஸ்டார் வேர்ல்டில் வந்தது. பெரம்பூரில் என் லைனில் ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி இருந்தார், வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஸ்டார் வேர்ல்டில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் போன் வந்துவிடும். "மேன், எனக்கு சைமன் மூஞ்சி தெரியலே, திட்றது மட்டும் கேக்குது." சைமன் அதில் நடுவர். அந்த ஒரு வீட்டுக்காக நான் நாலு மாடி ஏறியிருக்கிறேன்.

2003 இறுதிச் சுற்றை அங்கே சுமார் 3.8 கோடி பேர் பார்த்தார்களாம். அப்புறம் கூட்டம் கரைந்தது, செலவு ஏறியது, 2016-இல் ஃபாக்ஸ் விடைகொடுத்தது. இரண்டே வருஷம். 2018 மார்ச்சில் போட்டி சேனலான ஏபிசி அதை எடுத்து ஓட்டியது. நடுவர்கள் மூன்று பேரும் புதுசு: கேட்டி பெர்ரி, லயனல் ரிச்சி, லூக் பிரையன். தொகுப்பாளர் மட்டும் முதல் வருஷத்திலிருந்து இருந்த அதே ரையன் சீக்ரெஸ்ட். ஆன்ட்டியிடம் இந்தச் சேதியைச் சொன்னபோது அவர் நடுவர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ரையன் இருக்கானா? அப்போ சரி" என்றார். முதல் நாள் பார்த்தவர்கள் சுமார் ஒரு கோடி. பழைய கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் நிகழ்ச்சி நின்றுவிடவில்லை, வருஷா வருஷம் ஓடியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நானும் இதில் அடிபட்டவன்தான். லோக்கல் கேபிள் சேனலில் கானா போட்டி ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். செட்டு கிட்டு எதுவும் கிடையாது. கண்ட்ரோல் ரூமில் ஒரு கேரம் போர்டு, அதைச் சுற்றி நாலு பையன்கள், ஒரு ஹேண்டிகேம். தாளம் கேரம் போர்டிலேயே. நடுவர் ஒரு தாத்தா. சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய குரல் அவருக்கு. பாட்டு பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டார், கையிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரால் போர்டின் ஓரத்தில் ஒரே ஒரு தட்டு. டங். பையன் அத்தோடு எழுந்துபோக வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் போடுவேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், எல்லோரும் வீடு வந்து சாப்பிட உட்காரும் நேரம். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அந்த டங் கேட்கும்.

கேசட் செலவு, கரண்ட் பில், தாத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, எல்லாம் சேர்ந்து நிறுத்திவிட்டேன். ஆறு மாசம் கழித்துப் பக்கத்து லைன்காரர் அதே போட்டியைத் தன் சேனலில் ஆரம்பித்தார். நம் பையன்களே பாடினார்கள். கல்யாண மண்டபம் பிடித்து, கலர் லைட் போட்டு, மெல்லிசைக் குழுப் பாடகர் ஒருவரை நடுவராக உட்கார வைத்தார். நேரம் மாலை ஏழு. ஏழு மணிக்கு எங்கள் ஏரியாவில் ஆம்பளை எவன் வீட்டில் இருப்பான்? பெண்கள் சீரியலை விட்டு வருவார்களா? மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் அந்த லைன்காரரே என்னைத் தேடி வந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த டம்ளர் கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உள்ளே போய்க் கேட்டால் என் சம்சாரம் அதில்தான் ரசம் ஊற்றி வைத்திருந்தார். டம்ளரைக் கொடுத்தேன், கொடுக்காமல் என்ன. ஒன்பதரைக்குப் போடுங்கள் என்றும் சொன்னேன். டம்ளரை வாங்கிக்கொண்டார், நேரத்தை மாற்றவில்லை. ஏழு மணிக்கென்று விளம்பரம் பிடித்துவிட்டாராம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமா? கோடீஸ்வரன் என்ற கேள்வி-பதில் போட்டியின் கதையைத்தான் பெரிதாகச் சொல்ல வந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியில் 2000-இல் ஸ்டார் பிளஸில் அமிதாப் ஆரம்பித்தது, நடுவில் ஷாருக் கான் ஒரு சுற்று, பிறகு 2010-இல் சோனிக்குப் போனபோது அமிதாபும் கூடவே போனார். அங்கே வேரூன்றியே விட்டது. தமிழில் சன் டிவியில் சரத்குமார், 2012-இல் விஜய் டிவியில் சூர்யா, 2019 கடைசியில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமென்று கோடீஸ்வரி, நடத்தியவர் ராதிகா. வீட்டுக்காரர் ஒரு சேனல், வீட்டம்மா ஒரு சேனல், ஒரே ஆட்டம்! அதில் காது கேளாத, வாய் பேசாத கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்ததைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசலாம். விஜய் டிவியின் சமையல் நிகழ்ச்சி குக் வித் கோமாளியிலிருந்து நடுவர் வெங்கடேஷ் பட் 2024-இல் சன் டிவி பக்கம் போனதும் என் தாளில் இருக்கிறது, அதற்கு...

சரி, ஒரு விரல்தான் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் ஆன்ட்டி, கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் லைன் இப்போது என்னிடம் இல்லை, புள்ளி விழுந்தால் எனக்கு போன் செய்யாதீர்கள்.