யாரோடும் ஒட்டாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"பையன் யாரோடயும் ஒட்ட மாட்டேங்கறாங்க." மனநலப் பிரிவில் வேலை பார்க்கிற எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவும் இதைத்தான் சொல்வார். பெண் பார்க்கப் போன வீட்டில் மகன் வாயே திறக்கவில்லை என்று வருத்தப்பட்டு வரும் அப்பாவும் இதைத்தான் சொல்வார். நான் மருத்துவர் இல்லை, மனநலச் சமூகப் பணியாளர். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டு எழுதுவது என் வேலை. ஒட்டாமல் இருப்பதை எப்போது ஆட்டிசம் என்கிறார்கள், எப்போது ஆளுமைக் கோளாறு என்கிறார்கள், எப்போது இரண்டும் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள்.

மூன்று இளைஞர்களை வைத்துச் சொல்கிறேன். மூவரும் என் கற்பனை. ஆனால் மூவரும் நம் வேலூர் மாவட்டத்துக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். காட்பாடியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் மேளமும் மைக்கும் முழங்குகின்றன. இந்த மூவரும் உள்ளே வராமல் பின்கட்டில், சமையல்காரர்கள் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். சொந்தக்காரர்கள் பார்வையில் மூன்று பேரும் ஒரே ரகம்: திமிர் பிடித்தவர்கள், இல்லாவிட்டால் கூச்ச சுபாவம்.

முதலாமவருக்கு உறவினர்கள் மேல் பாசம் உண்டு. மேளச் சத்தம் காதைப் பிளப்பதால் வெளியே வந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து பேசும்போது தான் எப்போது வாய் திறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடுவதில்லை. காட்பாடி ஜங்ஷனில் எந்த ரயில் எந்த நடைமேடைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் சொல்வார். நீங்கள் கொட்டாவி விட்டாலும் அது அவர் கண்ணில் படாது.

இரண்டாமவருக்கு உள்ளே போக வேண்டும் என்று ஆசை, கொள்ளை ஆசை. ஆனால் போனால் "இன்னும் வேலை கிடைக்கலையா" என்று யாராவது கேட்பார்கள், நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம். பேச்சில் அவர் கெட்டிக்காரர். முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவார். படிக்கிறதில் பாதி தப்பாக, தனக்கு எதிராகவே படிப்பார்.

மூன்றாமவருக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. கல்யாணம் நடந்தாலும் ஒன்று, நடக்காவிட்டாலும் ஒன்று. பாராட்டினாலும் திட்டினாலும் அதே முகம்.

நோய் கண்டறியும் விதிகளைத் தொகுத்து உலகம் முழுக்கப் பயன்படும் புத்தகங்கள் இரண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. மற்றொன்று. முதலாமவருக்கு டி.எஸ்.எம். எப்படி அளவு பார்க்கிறது? சமூகத் தொடர்பில் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பேச்சிலும் உணர்விலும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா, பார்வை, முகபாவம், சைகை இவற்றைப் புரிந்து பயன்படுத்துகிறாரா, நட்பை உண்டாக்கி, இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ள முடிகிறதா. மூன்றிலுமே குறை இருந்தால்தான் ஆட்டிசம் என்ற பேச்சுக்கே இடம். அது போதாது. ஒரே அசைவையோ சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் சற்று மாறினாலும் தாங்க முடியாமல் போவது, ஒரே விஷயத்தில் அளவு கடந்த ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை ருசி போன்றவற்றில் மிகையான அல்லது குறைவான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி அம்சம், புலன் சம்பந்தப்பட்டது, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் பட்டியலில் ஏறியது. நம் ஊர்க் குடும்பங்கள் அதை வெகு காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தை பறைச் சத்தம் கேட்டு வீறிட்டு அழுதது, திரும்பி வந்த பிறகும் பேசவில்லை. பயந்துவிட்டது என்று மந்திரித்தோம் என்பார்கள். சட்டைக் காலரில் இருக்கும் துணிப்பட்டையை வெட்டி எடுக்காவிட்டால் போடவே மாட்டான் என்பார்கள். இட்லியில் கருவேப்பிலை ஒட்டியிருந்தால் தட்டையே தள்ளிவிடுவான் என்பார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று மாமியாரிடம் ஏச்சு வாங்கியிருப்பார் அந்த அம்மா.

விதியில் இன்னும் உண்டு. இவையெல்லாம் சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைவு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. தொடங்கியது சிறு வயதில் என்றாலும் வெளியே தெரிவது பிந்தலாம் என்று புத்தகமே சொல்கிறது. வீடு, தெரு, அதே பள்ளி, அதே பெஞ்ச் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒப்பேற்றியவர் கல்லூரி விடுதிக்குப் போனதும் நிலைகுலைந்துபோவது இதனால்தான். பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பேசாத பையனை டாக்டரிடம் கூட்டிப் போகிற குடும்பம், பேசாத பெண்ணை "அடக்கமான பொண்ணு" என்று மெச்சிக்கொள்கிறது. அவளும் மற்றவர்களைப் பார்த்து எப்படிச் சிரிப்பது, எப்போது தலையாட்டுவது என்று மனப்பாடம் செய்து சமாளித்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவது யாருக்கும் தெரியாது.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த விதிகள் எழுதப்பட்ட ஊர்களில் நேரே கண்ணைப் பார்ப்பது மரியாதை. நம் பக்கம் பெரியவர் முன்னால் அப்படி நின்றால் "என்னடா முறைக்கிற" என்பார்கள். ஆகவே தாத்தா முன்னால் தலை குனிவதை நான் குறித்துக்கொள்வதில்லை. கூடப் பிறந்தவளோடு விளையாடும்போது எங்கே பார்க்கிறான், ஒரு பொம்மை பிடித்திருந்தால் அதைக் காட்டிவிட்டு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா என்றுதான் கேட்பேன். அந்தத் திரும்பிப் பார்ப்பது எந்த ஊர்க் குழந்தைக்கும் பொது.

இரண்டாமவர், மூன்றாமவர் பக்கம் வருவோம். ஆளுமைக் கோளாறு என்று சொல்ல, ஒருவர் யோசிக்கும் விதம், உணரும் விதம், பழகும் விதம் எல்லாம் அவருடைய சமூகம் எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். அது பதின்பருவத்திலோ இளமையிலோ ஆரம்பித்து, வீடு வேலை நட்பு என்று எல்லா இடத்திலும் மாறாமல் நீடிக்க வேண்டும். வேலை போன ஆறு மாதம் யாரிடமும் பேசவில்லை என்றால் அது இந்தக் கணக்கில் வராது. அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வேறு வழியில் சிகிச்சை உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுத டாக்டர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான்.

டி.எஸ்.எம். இவற்றில் பத்து வகை வைத்திருக்கிறது. நம் இரண்டாமவர் தவிர்க்கும் ஆளுமையின் பக்கம் வருவார், மூன்றாமவர் ஸ்கிசாய்டு ஆளுமையின் பக்கம். இரண்டுக்கும் தனித்தனியே ஏழு அடையாளங்கள், அவற்றில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும். ஆட்டிசத்தில் மட்டுமே தென்படும் நடத்தையை ஸ்கிசாய்டு என்று எழுதக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை. கான்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதுதான் ஆட்டிசத்தின் தொடக்கம் என்று பாடப் புத்தகங்களில் இருக்கும். ஆனால் 1920களின் நடுவிலேயே மாஸ்கோவில் க்ருன்யா சுகாரெவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி நுணுக்கமாக எழுதிவிட்டார். படித்தால் இன்றைய ஆட்டிசம் விதிகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அவர் அதற்குக் கொடுத்த தலைப்பில் இருந்ததோ ஸ்கிசாய்டு என்ற சொல். ஆக, ஆட்டிசமும் ஆளுமையும் ஒன்றோடு ஒன்று குழம்புவது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. வேலூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் வந்த குழப்பமில்லை.

எல்லைக் கோடுகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 1994-இல் தனி நோயாக டி.எஸ்.எம்.-இல் ஏறிய அஸ்பெர்கர், அதாவது பேச்சு பிந்தாமல் வந்த ஆட்டிசம் போன்ற நிலை, 2013-இல் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே பெயருக்குள் கரைந்துவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பு, ஆளுமைக் கோளாறின் பழைய வகைகளைக் கைவிட்டு, லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று அளவையே முக்கியமாகப் பார்க்கிறது. பழைய வகைகளில், உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் பார்டர்லைன் என்ற ஒன்றை மட்டும் கூடுதல் குறிப்பாக விட்டுவைத்திருக்கிறது. அந்த பார்டர்லைன் பெயரைச் சுமந்துகொண்டிருந்த பெண்களில் சிலருக்கு, பிற்பாடு விசாரித்தபோது ஆட்டிசம் இருந்தது தெரியவந்ததுண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம். சபைப் பயம் உள்ளவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தில் பழக்கலாம். மேளச் சத்தம் வலிக்கிறவரை மேளத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குவது கொடுமை.

சரி, எப்படிப் பிரிக்கிறார்கள்? ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. அம்மாவின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. எத்தனை மாதத்தில் பேர் சொன்னால் திரும்பினான், விரலை நீட்டிக் காட்டினானா, ஒளிந்து பிடித்து விளையாடினானா? ஆட்டிசம் என்றால் கதை அங்கிருந்தே ஆரம்பிக்கும். எட்டாம் வகுப்பு வரை தெருவில் சேர்ந்து கிரிக்கெட் ஆடியவன் அப்புறம்தான் ஒதுங்கினான் என்றால் நான் வேறு பக்கம் தேட ஆரம்பிப்பேன். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பாக்கியம் உண்டு. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் வழக்கம் இருக்கிறது. மருத்துவம் குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

தொலைபேசியில் பத்துக் கேள்விக்கு விடை தட்டிவிட்டு "எனக்கு ஆட்டிசம்" என்று வரும் இளைஞர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. பலருக்கு அதுதான் முதல் வாசல். ஆனால் அந்தக் கேள்வித்தாள் 'எப்போதிலிருந்து' என்று கேட்பதில்லை, 'ஏன்' என்றும் கேட்பதில்லை. தடுப்பூசியால் வந்ததா என்று இன்னும் கேட்கிறார்கள். அப்படிச் சொன்ன 1998-ஆம் வருடத்துக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. அம்மாவின் வளர்ப்பும் காரணமில்லை. கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதனால் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழுததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. நம் நாட்டிலேயே உருவான ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். கூட்டினால் எழுபதுக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நேரில் வரும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகள், சின்ன வயது வீடியோ ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். குழந்தையை வளர்த்த பாட்டி இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், அம்மாவுக்கு மறந்தது அவருக்கு நினைவிருக்கும். காலையிலேயே வந்துவிடுங்கள், எங்கள் கேள்விகள் முடிய மதியமாகிவிடும். நன்றி, வணக்கம்.