ஓட்டுப் போட ஊரே இல்லை, எம்.பி. மட்டும் இரண்டு பேர்

(திரையில்: புல் மூடிய பெரிய வட்ட மேடு. நடுவில் சில கல் சுவர்கள்.)

இந்த மேட்டைக் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சால்ஸ்பரி நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. பெயர் ஓல்டு சேரம். புல், கல், காற்று, இவ்வளவுதான். ஆனால் 1832 வரை இந்த மேடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இரண்டு எம்.பி.க்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில், லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒரு எம்.பி. கூடக் கிடையாது!

ஒரு காலத்தில் இங்கே ஊர் இருந்தது. நார்மன் மன்னர்கள் கோட்டை கட்டினார்கள், பக்கத்திலேயே பேராலயமும் எழுந்தது. ஆனால் மேட்டில் தண்ணீர்ப் பஞ்சம், ஓயாத காற்று, போதாக்குறைக்குக் கோட்டைச் சிப்பாய்களோடு பாதிரியார்களுக்குத் தகராறு. 1220-இல் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். மக்களும் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். இன்றைய சால்ஸ்பரி அப்படி வந்ததுதான்.

ஊர் இறங்கியது. தொகுதி இறங்கவில்லை.

(திரையில்: மனைகள் குறிக்கப்பட்ட பழைய வரைபடம்.)

எப்படி? இங்கே ஓட்டுரிமை ஆளுக்கு இல்லை, மனைக்கு. குறிப்பிட்ட சில பழைய மனைகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்களுக்கு ஓட்டு. அந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்றோ, நீங்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. கடைசிக் காலத்தில் மொத்தம் 11 ஓட்டுதான். சரி, மனை எல்லாவற்றையும் ஒருவரே வாங்கிவிட்டால்? தேர்தல் வரும்போது நம்பிக்கையான ஆட்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார். அவர்கள் வந்து, அவர் சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடுவார்கள். அப்புறம் மனை மறுபடி அவர் கைக்கே வந்துவிடும். பினாமி முறையை நாம் என்னவோ நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படி வாங்கியவர்தான் தாமஸ் பிட். சென்னைக்காரர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் திருவொற்றியூரும் 1708-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது இவர் காலத்தில்தான்.

இவர் பெயரைச் சொன்னாலே வைரக் கதை வந்துவிடும். கோல்கொண்டா பகுதியில் கிடைத்த 410 காரட் கல்லைச் சென்னையில் 48,000 வராகன் கொடுத்து வாங்கி, பட்டை தீட்டி, 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். வைரப் பணத்தில் தொகுதியை வாங்கினார் என்று பலர் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. ஓல்டு சேரத்தை அவர் வாங்கியது 1691-இல், வைரத்துக்கு முன்பே. அது கம்பெனியின் ஏகபோகத்தை மீறி, வங்காளப் பக்கம் சொந்தமாக வியாபாரம் செய்து சேர்த்த காசு. முதலில் அபராதம் போட்ட கம்பெனியே பிற்பாடு அவரைக் கவர்னராக்கியது!

(திரையில்: வில்லியம் பிட்டின் ஓவியம்.)

தொகுதி குடும்பச் சொத்தானது. பேரன் வில்லியம் பிட் 26 வயதில், 1735-இல், இந்த மேட்டிலிருந்துதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அண்ணனுக்கு வேறொரு தொகுதியும் கிடைத்திருந்ததால் இது தம்பிக்கு மிஞ்சியது. அந்தத் தம்பி பின்னால் பிரதமர் ஆனார். இத்தகைய தொகுதிகளை நம் அரசமைப்பின் அழுகிய பகுதி என்று 1766-இல் சாடியவரும் அவரேதான். ஏறிய ஏணி பற்றி அவருக்குத் தெரியாததா!

1801-இல் இன்னொரு கூத்து. பிட் வம்சத்தின் கேமல்ஃபோர்டு பிரபு, ஜான் ஹார்ன் டூக் என்பவரை இங்கிருந்து எம்.பி. ஆக்கினார். அவர் பாதிரியார் பட்டம் பெற்றவர், அதோடு அரசுக்குப் பிடிக்காத சீர்திருத்தவாதி. பாதிரியார்கள் உறுப்பினராகக் கூடாது என்று அவசரமாகச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2001-இல்.

டூக் எம்.பி. ஆன அடுத்த ஆண்டே, 1802-இல், பிட் குடும்பம் தொகுதியைக் கேலடன் பிரபுவுக்கு விற்றுவிட்டது. விலை சுமார் 60,000 பவுண்டு. நிலத்திலிருந்து வரும் வருமானமோ ஆண்டுக்கு 700 பவுண்டைத் தாண்டாது. மிச்சம் முழுக்க அந்த இரண்டு நாற்காலிகளுக்கான விலை.

(திரையில்: 1832 சட்டத்தின் முதல் பக்கம்.)

1832 சீர்திருத்தச் சட்டம் இப்படிப்பட்ட 56 தொகுதிகளை ஒரேயடியாக ஒழித்தது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் இரண்டிரண்டு இடம் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, பறிபோன ஒவ்வொரு தொகுதிக்கும் உரிமையாளர்களுக்கு 15,000 பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்திருந்தார்கள். இந்த முறை கேலடன் பிரபுவுக்கு ஒரு பென்னி கூடக் கொடுக்கவில்லை.