மூன்றாம் வகுப்புக்குப் போன கிட்டார் பலகை

வணக்கம் மக்களே. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் கிட்டார் செய்வதைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன் இல்லையா? நேற்று போய்விட்டு வந்தேன். மூன்றாம் வகுப்பு, 31 பிள்ளைகள். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அதனால் கொண்டுபோன சாமான்களைப் பட்டறை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபடியே நடந்ததைச் சொல்கிறேன்.

முழு கிட்டாரைக் கொண்டுபோகவில்லை, வேண்டுமென்றேதான். அதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் "பாட்டு வாசிங்க சார்" என்றுதான் கேட்கும். அப்புறம் மரத்தை யார் பார்ப்பார்கள்? பலகை பலகையாக இருக்கும்போதே அதோடு பழக்கிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதலில் எடுத்தது சுருதி சேர்க்க உதவும் இந்த உலோகக் கவை, ட்யூனிங் ஃபோர்க். நொடிக்கு 440 தடவை அதிரும். முட்டியில் தட்டி இப்படி அந்தரத்தில் பிடிக்கிறேன், ஏதாவது கேட்கிறதா? இப்போது காம்பை இந்தப் பலகையில் ஊன்றுகிறேன். கேட்டீர்களா! அதற்கப்புறம் ஃபோர்க் என் கைக்குத் திரும்பவே இல்லை. பெஞ்சு, கரும்பலகை, சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர் பாட்டில் என்று வகுப்பு முழுக்க ஊர்வலம் போனது. ஒரு பையன் முழங்கையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "உள்ள கூசுது சார்" என்றான். சுவர் மட்டும் கம்மென்று இருந்தது. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், இந்த மெல்லிய பலகைதான் எல்லாவற்றையும் விடச் சத்தம்.

ஏன் என்று வாயால் விளக்கவில்லை. ஒரு ஈர்க்குச்சியையும் ஒரு பனையோலை விசிறியையும் கொடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு வீசச் சொன்னேன். குச்சி எவ்வளவு வேகமாக ஆடினாலும் காற்று வரவில்லை. கிட்டார்க் கம்பி அந்தக் குச்சி, கிட்டாரின் முகப்பாகப் போகும் இந்த மெல்லிய பலகை, அதாவது முகப்பலகை, அந்த விசிறி. அவ்வளவுதான், புரிந்துகொண்டார்கள்.

பலகையைக் கேமரா பக்கம் கொண்டு வருகிறேன். ஸ்ப்ரூஸ். குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாக வளரும் ஊசியிலை மரம். இந்த நேர்க்கோடுகள் தெரிகின்றனவா? ஒரு கோடு, ஒரு வருடம். என்னிடம் இருக்கும் இந்தப் பலகையில் அங்குலத்துக்கு 18 கோடுகள். "உங்களுக்கு எட்டு வயது, எட்டுக் கோடு எண்ணிப் பென்சிலால் புள்ளி வையுங்கள்" என்றேன். ஒரு விரல் அகலம்கூட வரவில்லை. ஒரு பெண் தன் புள்ளியிலிருந்து தொடங்கி அவள் அப்பா வயது, பாட்டி வயது என்று எண்ணிக்கொண்டே போனாள். பாட்டி வந்தும் பலகை முடியவில்லை. அந்தப் புள்ளிகளை நான் இன்னும் உப்புத்தாள் போட்டு எடுக்கவில்லை.

கனம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. இதன்மேல் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். உங்களில் மூன்று பேர் தொங்குகிற மாதிரி என்றதும், "ஒடைஞ்சிடாதா சார்?" என்று நாலா பக்கமும் குரல். பலகையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். குறுக்கே ஒட்டிய இரண்டு கட்டைகளைப் பார்த்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்: "பட்டம்!" எனக்குச் சிலிர்த்துவிட்டது. பட்டத்துக்குக் குச்சி எதற்கோ அதற்கேதான் இதுவும்: காற்று கிழித்துவிடவும் கூடாது, கனம் கூடவும் கூடாது. 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் என்ற கிட்டார்ப் பட்டறையில் இந்தக் குறுக்குக் கட்டைகளை வைக்க ஆரம்பித்தார்கள். உலோகக் கம்பி போட்ட கிட்டார்களில் பெரும்பாலும் இன்றும் இதே முறைதான்.

சரி, இப்போது நேற்று நடந்த பெரிய விஷயம். வராந்தாவில் சூட்டுக்குழாயை வைத்து, பிள்ளைகளைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பக்கப்பலகையை வளைத்துக் காட்டினேன். ஈட்டி மரம், இரண்டு மில்லிமீட்டர் கனம். சிலர் தோதகத்தி என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, 1969இல் மார்ட்டின் நிறுவனமே இந்திய ஈட்டிக்குத்தான் மாறியது. நனைத்துச் சூட்டில் வைத்தால் புகையோடு இனிப்பாக ஒரு வாசம் எழும். பிள்ளைகள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேல் வளைவு அழகாக வந்தது. இடுப்பு வளைவுதான் கடினம், அங்கே திருப்பம் கூர்மை. மணி அடிக்கப் போகிறது என்று நினைத்து அவசரப்பட்டேன். டக். இதோ அந்தத் துண்டு. பாருங்கள், நார் எப்படிப் பிரிந்து நிற்கிறது. வராந்தாவே அமைதியாகிவிட்டது. முன்னால் நின்ற பெண் மெதுவாக, "அதுக்கு வலிக்குமா சார்?" என்று கேட்டாள்.

நான் ஒடிந்த துண்டை அவர்கள் கையில் கொடுத்தேன். மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை ஒன்று மரத்துக்குள்ளேயே இருக்கிறது, நல்ல சூட்டில்தான் அது இளகும், இளகுவதற்கு முன் நான் வளைத்துவிட்டேன் என்று சொன்னேன். அடுத்த பலகையை வைத்தபோது அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள். நான் கையில் அழுத்தம் கொடுக்கவில்லை, சும்மா சாய்த்துப் பிடித்திருந்தேன். எழுபதைத் தாண்டியதும் பலகை வெண்ணெய் மாதிரி தானாக விட்டுக்கொடுத்தது. அந்த நொடி என் உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என் தோள் இறங்கியதைப் பார்த்தே "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டார்கள்.

அப்புறம் துணி கிளிப். இரண்டு மில்லிமீட்டர் ஓரத்தில் முகப்பலகையை எப்படி ஒட்டுவது? அதற்காக உள்ளோரத்தில், ரம்பத்தால் வரிசையாகக் கீறிய இந்தப் பட்டியை ஒட்டுவோம். "முதலை முதுகு" என்று பெயர் வைத்துவிட்டார்கள், இனி நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். முன்பே வளைத்து அச்சில் வைத்திருந்த ஒரு ஜோடியைக் கொண்டுபோயிருந்தேன். ஆளுக்கு இரண்டு கிளிப், மொத்தம் 62. பசை தடவியது நான், கிளிப் போட்டது அவர்கள். ஓர் இடத்தில்கூட இடைவெளி இல்லை, இதோ பாருங்கள்.

கடைசியாகத் தேயிலை. கட்டை ஒட்டாத ஒரு பலகையைப் பஞ்சுத் துண்டுகள்மேல் வைத்து, மேலே தேயிலைத் தூள் தூவி, அடியில் சின்ன ஸ்பீக்கர் வைத்து, போனிலிருந்து ஒரே சுருதியை விட்டு மெல்ல மெல்ல ஏற்றினேன். ஒரு கட்டத்தில் தூள் துள்ளி ஓடிக் கோடாகச் சேரும். பலகை ஆடாத இடத்தில்தான் தூள் தங்கும். 1787லேயே சிளாட்னி என்ற ஜெர்மானியர் உலோகத் தகட்டில் மணலைத் தூவி, வயலின் வில்லால் இழைத்து இதைக் காட்டி எழுதினார். இன்று கிட்டார் செய்கிற பலர் கட்டையை எங்கே இழைத்துக் குறைக்கலாம் என்று பார்ப்பதும் இதை வைத்துத்தான். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. விட்டால் தூள் பறந்துவிடும் என்று அவர்களே ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள்.

"அட்டையில செய்யலாமா சார்?" என்று ஒருவன் கேட்டான். செய்திருக்கிறார்கள்! ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் 1862இல் முகப்பை மட்டும் மரத்தில் வைத்து, பக்கத்தையும் முதுகையும் காகிதக்கூழில் செய்தார். முகப்பலகைதான் பேசுகிறது என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதக்கூழ் என்றதும், "கொலு பொம்மை மாதிரியா?" என்றான். அதே மாதிரிதான்.

கிளம்பும்போது முதுகுப்பலகையின் உள்பக்கத்தில் எல்லாரையும் பென்சிலால் பெயர் எழுதச் சொன்னேன். பெட்டியை மூடினால், வட்டத்துளைக்கு நேர் கீழே இருப்பது மட்டும்தான் வெளியே தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்கு ஒரே சண்டை. கடைசியில் அவர்களே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இதோ, நடுவில் கோணல் மாணலாக: "மூன்றாம் வகுப்பு". சுற்றிலும் 31 பெயர்கள்.

அடுத்த வீடியோவில் இதை மூடி ஒட்டப் போகிறேன். கம்பி போட்டதும் முதலில் அந்த வகுப்புக்குத்தான் எடுத்துப் போவேன். வருகிறேன் மக்களே.