மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்குக் கேன்டனில் இடம் உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஓஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அரங்கத்தில், மறைந்த பயிற்சியாளர் மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்கு இடம் தரலாமா, கூடாதா என்பதே இன்றைய பேச்சு. தர வேண்டும் என்பது என் கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவருக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது, அதை நான் மறைக்கவோ மழுப்பவோ போவதில்லை.

க்ளீவ்லாந்து பிரவுன்ஸ், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், வாஷிங்டன், சான் டியேகோ சார்ஜர்ஸ் என நான்கு அணிகளில் 21 சீசன்கள் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். லீக் ஆட்டங்களில் 200 வெற்றி, 126 தோல்வி, ஒரு சமநிலை. தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய சீசன்கள் அவருக்கு இரண்டே இரண்டு: 1998, 2003. அவர் கடைசியாக அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் களத்தில் நின்றபோது லீக் வெற்றிக் கணக்கில் அவருக்கு மேலே இருந்தவர்கள் டான் ஷூலா, ஜார்ஜ் ஹாலஸ், டாம் லேண்ட்ரி, கர்லி லாம்போ ஆகிய நால்வர் மட்டுமே. அந்த நால்வருமே கேன்டனில் இருக்கிறார்கள்.

இனி மறுபக்கம். லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவருடைய கணக்கு 5 வெற்றி, 13 தோல்வி. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒருமுறைகூட அவர் தம் அணியை அழைத்துச் சென்றதில்லை. இதைத் துரதிர்ஷ்டம் என்ற ஒரே சொல்லில் மூடிவிட அவருடைய ரசிகர்கள் விரும்புகிறார்கள். என்னால் அது முடியவில்லை. 1995இல் 13 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்த சீஃப்ஸ் அணி, தன் சொந்த மைதானத்தில், ஒன்பது வெற்றிகளோடு தட்டுத்தடுமாறி உள்ளே வந்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியிடம் 10-7 என்று தோற்றது. 1997இல் மீண்டும் 13 வெற்றிகள். மீண்டும் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே டென்வரிடம் 14-10 என்று தோல்வி. 2006இல் சார்ஜர்ஸ் அணிக்கு 14 வெற்றிகள். அப்போதும் சொந்த மைதானத்தில், முதல் ஆட்டத்திலேயே, நியூ இங்கிலாந்திடம் 24-21 என்று தோல்வி. மூன்று முறை முதலிடம் பிடித்துவிட்டு மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறும் பயிற்சியாளரிடம், நெருக்கடியில் ஏதோ ஒரு குறை இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

அந்தக் குறைக்கு அமெரிக்க ரசிகர்கள் 'மார்ட்டிபால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடு, தடுப்பாட்டத்தை நம்பு, முன்னிலை கிடைத்ததும் அதைப் பொத்திப் பாதுகாத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். இந்த முறையால் பலவீனமான அணிகளை லீக் சுற்றில் எளிதாக வெல்லலாம். ஆனால் எதிரணியில் பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் ஒரு தலைசிறந்த குவார்ட்டர்பேக் இருந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, பொத்தி வைத்த சிறிய முன்னிலை போதாமல் போகும். 1987 ஜனவரியில் க்ளீவ்லாந்தில் நடந்தது அதுதான். பிரவுன்ஸ் 20-13 என்று முன்னிலையில் இருக்க, தன் பக்கத்து எல்லைக்கோட்டுக்கு வெகு அருகிலிருந்து தொடங்கிய டென்வரின் ஜான் எல்வே, அணியை 98 கெஜம் நகர்த்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் டென்வர் 23-20 என்று வென்றது.

ஆனால் எல்லாத் தோல்விகளையும் இந்த ஒரே காரணத்தில் அடக்குவது சோம்பேறித்தனம். அடுத்த ஆண்டு அதே டென்வருக்கு எதிராக, 18 புள்ளிகள் பின்தங்கியிருந்த பிரவுன்ஸ் அணி 33 புள்ளிகள் எடுத்தும் தோற்றது. எல்லைக்கோட்டுக்கு அருகே பிரவுன்ஸ் வீரர் எர்னஸ்ட் பைனரின் கையிலிருந்து பந்து நழுவியதற்கும் மார்ட்டிபாலுக்கும் என்ன தொடர்பு? கோல்ட்ஸ் அணியுடனான ஆட்டத்தில் சீஃப்ஸின் உதைப்பவர் லின் எலியட் மூன்று ஃபீல்டு கோல்களை, அதாவது கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்கும் வாய்ப்புகளை, தவறவிட்டார். அவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தாலே ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். நியூ இங்கிலாந்துடனான அந்தக் கடைசி ஆட்டத்தில், பந்தைத் தக்கவைக்கக் கடைசியான நான்காவது வாய்ப்பில் 11 கெஜம் தேவைப்பட்ட நிலையில், ஃபீல்டு கோலுக்குப் போகாமல் துணிந்து விளையாடச் சொன்னவர் இதே ஷாட்டன்ஹைமர்தான். அந்த முயற்சி பலிக்கவில்லை. உடனே அவசரக்காரர் என்று திட்டினார்கள். பிற்பாடு 21-13 என்று முன்னிலையில் இருந்தபோது நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த பந்தைச் சார்ஜர்ஸின் மார்லன் மெக்ரீ பிடித்தார். அவர் அப்படியே தரையில் அமர்ந்திருந்தால் போதும். ஓட முயன்றார், பந்து பறிபோனது, நியூ இங்கிலாந்து ஆட்டத்தைத் திருப்பியது. சில வாரங்களில், 14 வெற்றிகள் பெற்றுத் தந்த பயிற்சியாளரைச் சார்ஜர்ஸ் நிர்வாகம் வேலையைவிட்டு அனுப்பியது. அதற்குப் பிறகும் அந்த அணி இன்றுவரை சூப்பர் பௌலைப் பார்க்கவில்லை என்பதைக் கொஞ்சம் குறும்போடுதான் நினைவூட்டுகிறேன்.

என் வாதத்தின் மையம் வேறொன்று. வலுவான அணியை வாரிசுச் சொத்துப்போல அவர் எங்கும் பெறவில்லை. 1984இன் நடுவில் அவர் ஏற்றபோது பிரவுன்ஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தது. அடுத்த நான்கு சீசன்களிலும் அது பிளே-ஆஃபுக்குப் போனது. 1972 முதல் 1988 வரை ஒரே ஒரு முறை பிளே-ஆஃப் கண்ட சீஃப்ஸ், அவருடைய பத்து சீசன்களில் ஏழு முறை அங்கே போனது. வாஷிங்டனில் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றவர் அந்த சீசனை எட்டு வெற்றி, எட்டு தோல்வி என்று முடித்தார். சார்ஜர்ஸ் அவருக்கு முன்பு 2000இல் 16 ஆட்டங்களில் ஒன்றில் வென்ற அணி. 2004இல் அதை 12 வெற்றிகளுக்குக் கொண்டுவந்து அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். ஓர் இடத்தில் நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். போன இடமெல்லாம் இதுவே நடந்தால் அது அந்த மனிதரின் திறமை.

சூப்பர் பௌல் வெல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்குக் கேன்டனே பதில் சொல்லிவிட்டது. நான்கு சூப்பர் பௌல்களில் தோற்ற பட் கிராண்ட் 1994இலும், அதேபோல நான்கில் தோற்ற மார்வ் லெவி 2001இலும் உள்ளே போனார்கள். அவர்களாவது இறுதிவரை போனவர்கள் என்று சொல்லலாம். 2023இல் சேர்க்கப்பட்ட டான் கோரியல் அங்கும் போகவில்லை. அவருடைய பிளே-ஆஃப் கணக்கு 3 வெற்றி, 6 தோல்வி, லீக் வெற்றிகள் 111. பந்தெறிந்து ஆடும் முறையையே மாற்றியவர் என்பதற்காக அவருக்கு இடம் கிடைத்தது. அது சரியான முடிவு. ஆனால் கோரியலுக்காகக் கோப்பைக் கணக்கைத் தள்ளிவைத்த அதே கதவு, 200 வெற்றிகளோடு வந்து நிற்பவரைப் பார்த்து 'கோப்பை எங்கே?' என்று கேட்பது நியாயமாகத் தெரியவில்லை.

ஷாட்டன்ஹைமர் புதிய ஆட்டமுறை எதையும் கண்டுபிடிக்கவில்லைதான். ஆனால் 1989இல் கேன்சஸ் சிட்டியில் அவருடைய உதவியாளர்களாக பில் கௌவர், டோனி டங்கி, புரூஸ் ஏரியன்ஸ் மூவரும் ஒரே சமயத்தில் இருந்தார்கள். பிற்காலத்தில் மூவரும் தலைமைப் பயிற்சியாளர்களாகச் சூப்பர் பௌல் வென்றார்கள். 1993இல் அங்கே சேர்ந்த மைக் மெக்கார்த்தியும் கிரீன் பேயில் வென்றார். டங்கி முதன்மையாகப் பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் சக் நோலின் மாணவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கௌவர், பிரவுன்ஸ் காலத்திலிருந்தே ஷாட்டன்ஹைமரிடம் தொழில் கற்றவர். கௌவரும் டங்கியும் இன்று கேன்டனில் இருக்கிறார்கள். ஏரியன்ஸ் கோப்பை வென்ற மறுநாள், 2021 பிப்ரவரி 8 அன்று, ஷாட்டன்ஹைமர் காலமானார்.

நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, இறுதிச் சுற்றுக்கு வரும் ஒரு பயிற்சியாளர், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளான மூன்று மூத்த வீரர்களோடும், வீரராகவோ பயிற்சியாளராகவோ அல்லாமல் விளையாட்டுக்கு உழைத்த ஒரு பங்களிப்பாளரோடும் ஒரே குழுவில் போட்டியிட வேண்டும். ஒரு வாக்காளர் அந்த ஐந்து பேரில் மூவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே போக 80 சதவீத வாக்கு தேவை. அந்த ஆண்டு அந்தக் குழுவிலிருந்து ஸ்டெர்லிங் ஷார்ப் மட்டுமே தேர்வானார். கிரீன் பேய்க்குச் சூப்பர் பௌல் வென்று தந்து, சியாட்டிலையும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன மைக் ஹோம்கிரனே வெளியே நின்றார். தலா இரண்டு சூப்பர் பௌல் வென்ற டாம் காஃப்லினும் மைக் ஷானஹனும் அதே வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சியாளர்களைப் பயிற்சியாளர்களோடு மட்டும் ஒப்பிடும் தனி வாக்கெடுப்பு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை, என்னிடம் வாக்கு இருந்தால், காஃப்லினையும் ஷானஹனையும் முதலில் அனுப்புவேன். ஷாட்டன்ஹைமரை ஹோம்கிரனுக்கு முன்பாகவே நிறுத்துவேன். இந்தக் கடைசி முடிவில் உங்களில் பலர் உடன்பட மாட்டீர்கள் என்பது தெரியும். ஹோம்கிரனின் பக்கம் நிற்பவர்கள் தங்கள் வாதத்தைக் கீழே எழுதுங்கள்.